துறைமுகத் தரிப்பிடத்தில் நின்ற வான்

1

போன மாதம் எனக்குப் பத்து வருட சேவைக்கான சான்றிதழ் கொடுத்தார்கள். நகரசபைக் கட்டடத்தின் மேல்மாடியில், கூட்டங்கள் நடக்கும் அறையில், சின்னதாக ஒரு கேக், காகிதக் கோப்பைகளில் தேநீர். என் பெயர் பெர்னடெட். சான்றிதழில் 'பெர்னார்ட்' என்று ஆண்பிள்ளைப் பெயர் அச்சாகியிருந்தது. எவரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. எட்டு நாள் கழித்து அதே அறையில், அதே மேசைக்கு முன்னால் என்னை உட்கார்த்தி விசாரணை நடத்தினார்கள். அந்தக் காகிதங்களில் என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊருக்குப் போன் எடுக்கும்போது 'கவுன்சிலில் வேலை' என்று மட்டும்தான் சொல்வது வழக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கை ஸ்டெல்லா அதைத் தன் அடுக்குமாடி பிளட்டில் இருப்பவர்களிடம் என்னவெல்லாமாகவோ பெருப்பித்து வைத்திருக்கிறாள். உண்மையில் நான் பார்க்கிங் வார்டன். கறுப்புக் காற்சட்டை, மஞ்சள் ஜாக்கெட், கையில் ஒரு சின்ன மெஷின். நேரம் முடிந்த கார்களுக்கும் மஞ்சள் கோட்டில் நிற்கும் கார்களுக்கும் டிக்கட் அடித்து கண்ணாடியில் ஒட்டுவதுதான் தொழில்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். ஒரேயொரு பிரதான வீதி, அதுவும் ஒருவழிப்பாதை. மலைப்பாதை வழியாக மீன்பிடித் துறைமுகத்துக்கு இறங்குகிற வாகனங்கள் அந்த வீதியால்தான் திரும்ப ஏறவேண்டும்; துறைமுகத்தின் பக்கத்தில் கார்கள் நிறுத்தும் துறைமுகத் தரிப்பிடம். குளிர்காலத்தில் நாயோடு நடக்கிறவர்களைத் தவிர ஆளில்லை. கோடை வந்தால் கார் வைக்க இடமில்லாமல் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாயத் தயாராக நிற்பார்கள்.

இங்கே எல்லாம் சுத்தம் என்று அங்கே நினைக்கிறீர்கள். காலை ஏழு மணிக்கு என்னுடன் அந்தத் தரிப்பிடத்துக்கு வந்து பாருங்கள். டிக்கட் மெஷினின் மேல் ஒருவர் பிள்ளையின் அழுக்குத் துணியைச் சுருட்டி வைத்திருப்பார். பைக்குள் கட்டிய நாய்ப் பீயை வேலிக் கம்பியில் கொடியில் துணி போடுகிறமாதிரித் தொங்கவிட்டிருப்பார்கள். ஊனமுற்றவர்களுக்கான இடத்தில், எண்ணெய் ஊறிய மீன் காகிதத்தின் மேல், குடித்தவர் எவரோ வாந்தி எடுத்திருப்பார். ஒருநாள் ஒரு பெண், பார்க்க நல்ல குடும்பத்து மனுசி, நான் ஒட்டிய டிக்கட்டைப் பிய்த்து ஐஸ்கிறீம் வழிந்த கையால் உருட்டி என் முகத்தில் எறிந்தாள். கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. நான் அதைத் துடைத்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நேரம் குறிக்கவேண்டும், அது விதி.

இதெல்லாம் பழகிவிட்டது. நான் எழுத வந்த அருவருப்பு வேறு.

2

இரண்டு வருடத்துக்கு முன் கவுன்சில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மேட்டில் இருக்கும் ஒரு புல்வெளியில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் ஊருக்குள் இறங்கவேண்டும். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்குக் கடைசி பஸ். திட்டத்தை வகுத்தவர்கள் உல்லாசப் பயணிகள் எத்தனை மணிக்கு எழும்புவார்கள் என்று யோசித்தார்கள். ரெஸ்டூரண்டில் கோப்பை கழுவுகிறவர்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள் என்று யோசிக்கவில்லை.

அந்த பஸ்ஸின் டிரைவர் டெரெக். அறுபது வயது, இந்த ஊரிலேயே பிறந்தவர். முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். என் மகன் ஜெரோமை ஏழு வருடம் ஹைஸ்கூலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவரும் அவர்தான். ஜெரோம் பிந்தினால் ஹோர்ன் அடிக்காமல் அமைதியாக நிற்பார்.

போன வருடக் கோடை முடிவில் ஒருநாள் காலை தரிப்பிடத்தின் கடைசி மூலையில், மதில் ஓரமாக, ஒரு பழைய நீல வான் நின்றது. பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே டெரெக் ஒரு கண்ணாடித்துண்டை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் திரும்பிப் போகப் பார்த்தேன். அவர் கண்டுவிட்டார்.

"காலமை வணக்கம், பெர்னடெட். தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் நம்முடைய பேச்சில் எழுதுகிறேன்.

வானுக்குள் சின்ன காஸ் அடுப்பு இருந்தது. சீனி எவ்வளவு என்று கேட்டு ஊற்றித் தந்தார்.

"வீட்டுக்காரர் பிளட்டைத் திருப்பி எடுத்திட்டார். ரெண்டு மாசம் நோட்டிஸ் தந்தவர், பிழை சொல்ல ஏலாது. இப்ப அதைக் கிழமைக் கணக்கில விடுமுறைக்கு வாறாக்களுக்குக் குடுக்கிறார்," என்றார்.

"வேற இடம் பாக்கேல்லையா?"

"பாத்தன். இந்த ஊரில வாடகைக்கு இருக்கிற எல்லாம் இப்ப அப்படித்தான். என்ட தங்கச்சி வீடு ரெண்டு மணித்தியாலத் தூரம். அங்கயிருந்து வேலைக்கு வர ஏலாது."

பிரதான வீதியில் நடந்தால் தெரியும். வாசலுக்கு வாசல் விடுமுறைக்காரர்களுக்குச் சாவி வைக்கும் சின்ன இலக்கப் பெட்டி. வீடுகளுக்குப் பெயர்கூட மாறிவிட்டது. 'கடற்காற்று', 'நங்கூரம்' என்று பலகை தொங்குகிறது. உள்ளே நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு விளக்கும் எரியாது.

மாலை ஆறு முதல் காலை எட்டு வரை தரிப்பிடம் இலவசம். ஆறு மணிக்குப் பிறகு வந்து எட்டு மணிக்கு முன்னால் வானை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போய்விடுவார். ஒரு துண்டு குப்பையும் விடமாட்டார். மற்றவர்கள் விட்டதையும் பொறுக்கிப் பெட்டியில் போட்டுவிடுவார். குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனது. காலையில் பத்து நிமிடம் அவருடன் நின்று தேநீர் குடித்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். இந்த நாட்டில் என் பெயரைச் சுருக்காமல், முழுதாகச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே வெள்ளைக்காரர் அவர்.

3

நிற்கும் வாகனம் ஒன்றைக் காட்டி 'இது யாருடையது' என்று கேட்பது எனக்குத் தொழில். ஆனால் அந்தக் கேள்வி முதலில் என் காதில் விழுந்தது கொழும்புக் கொட்டாஞ்சேனையில். அப்போது எனக்குப் பதினேழு வயது.

எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டு மேல்மாடி அறையில் ரவி என்றொருவர் வாடகைக்கு இருந்தார். வவுனியாப் பக்கம். கடைகளுக்கு பிஸ்கட், டொபி, மிக்சர் போடும் வேலை. அதற்கென்று வெள்ளை வான் ஒன்று வைத்திருந்தார். இரவில் அது எங்கள் வாசலில்தான் நிற்கும். ஸ்டெல்லாவுக்கு டெங்கு வந்தபோது அந்த வானில்தான் பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

யுத்த காலம் என்றால் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தமிழ் ஆட்கள் இருக்கும் ஒழுங்கையில் அறியாத வான் ஒன்று நின்றால், அதற்குள் என்ன இருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும். யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. ஒரு ஞாயிறு, தேவாலயக் காலைப் பூசைக்கு நாங்கள் வெளிக்கிட்டு நிற்கும்போது ஜீப் வந்தது.

"மேக்க காகெத?" என்று என் அப்பாவிடம், டடாவிடம், கேட்டார்கள். இது யாருடையது?

டடா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க். நல்ல சிங்களம் பேசுவார். கோட் போட்டுக் கையில் பூசைப் புத்தகத்தோடு நின்றார். நிமிர்ந்து பார்த்தால் மேல்மாடியில் ரவி பனியனோடு நிற்பது தெரியும். டடா நிமிரவில்லை.

"தன்னே நே மாத்தயா," என்றார். தெரியாது ஐயா.

அவர்கள் பின்கதவை உடைத்தார்கள். பெட்டிகளை இழுத்து வீதியில் கொட்டினார்கள். ஒழுங்கை முழுக்க டொபி. ரவி இறங்கி வந்து, "மகே மாத்தயா," என்றார். என்னுடையதுதான் ஐயா. அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் பூசைக்குப் போனோம். பூசை முடிந்து வந்து டடா கோட்டோடு வாய்க்காலருகே குனிந்து வாந்தி எடுத்தார். ஒரு மனிதன் தன்னையே அருவருத்து நிற்கும் முகத்தை நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

ஒன்பது நாள் கழித்து ரவி வந்தார். வலது கையை உயர்த்த முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"அங்கிள், நீங்க சொன்னது சரி. தெரியும் எண்டா உங்களையும் ஏத்தியிருப்பாங்க. பொம்பளப் பிள்ளையள் இருக்கிற வீடு," என்றார்.

ரவி அந்த வாரமே அறையைக் காலி செய்தார். டடா சாகும்வரை எங்கள் வீட்டில் டொபி வாங்கியதில்லை.

4

இந்த வருடம் வசந்தத்தில் கவுன்சில் ஒரு புதிய விதி போட்டது: தரிப்பிடங்களில் எவரும் வாகனத்தில் தூங்கக்கூடாது. காரணம், ஊரின் 'வரவேற்கும் தோற்றம்'. அந்த வார்த்தையை உருவாக்கியவர்களில் என் மகனும் ஒருவன். ஜெரோமுக்கு இருபத்துநான்கு வயது, உல்லாசப் பயணத் தகவல் நிலையத்தில் வேலை. நான் தமிழில் பேசுவேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். எங்களுக்குள் இது இருபது வருட ஒப்பந்தம். 'அம்மா எங்கே பிறந்தவர்' என்று எவரும் கேட்டால் 'லண்டன் பக்கம்' என்று சொல்லப் பழகியிருக்கிறான். லண்டனில் நான் மூன்று மாதம் இருந்தது உண்மைதான்.

ஜூன் மாதம் என் மேலதிகாரி போலா ஒரு முறைப்பாட்டை என் மெஷினுக்கு அனுப்பினாள். 'துறைமுகத் தரிப்பிடத்தில் அசிங்கமான நீல வான். ஒரு மனிதர் வெளியில் நின்று பல் துலக்குகிறார். பாதுகாப்பாக உணரமுடியவில்லை.' அனுப்பியவர் பெயர் இல்லை. படம் மட்டும் இணைத்திருந்தது. மேலிருந்து, ஒரு ஜன்னல் வழியாக எடுத்த படம். ஓரத்தில் ஜன்னல் சட்டம் விழுந்திருந்தது. பச்சைப் பூச்சு, கீழ்மூலையில் உரிந்து வெள்ளை தெரிகிறது.

அது எங்கள் வீட்டு முன்னறை ஜன்னல். அந்தச் சட்டத்துக்குப் பூச்சடித்தது நான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் கணவர் இறந்தபிறகு வீட்டில் நானும் மகனும்தான். துறைமுகத்தைப் பார்த்த அந்த முன்னறையை நாங்களும் கோடையில் விடுமுறைக்காரர்களுக்கு விடுகிறோம். எங்கள் வாசலிலும் ஒரு இலக்கப் பெட்டி தொங்குகிறது. போன வருடம் வந்த ஒரு தம்பதி, 'காட்சி அழகு, ஆனால் கீழே ஒரு வான், வெளியில் நின்று பல் துலக்கும் ஒரு மனிதர்' என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதை வாசித்துவிட்டு ஜெரோம் முறைப்பாடு போட்டிருக்கிறான். வானில் இருப்பவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஏழு மணிக்கு அவன் எழும்புவதில்லை.

நான் அவனிடம் கேட்கவில்லை. டெரெக்கிடமும் சொல்லவில்லை. கேட்டால் வீட்டில் ஒரு சண்டை, சொன்னால் காலையில் ஒரு முகம் மாறும். இரண்டையும் தவிர்த்துவிட்டு, வாகனத்தை மட்டும் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். அந்த மூலைக்குப் போய்ப் பார்த்ததாக மெஷினில் பதிந்தேன். குறிப்பு எழுதும் இடத்தில், 'உரிமையாளர் அவுட் ஒஃப் ஸ்டேஷன்' என்று அடித்தேன். கொழும்பில் கந்தோரில் ஒருவர் ஊரில் இல்லை என்றால் அப்படித்தானே எழுதுவோம். ஆள் வெளியூரில், வானுக்குள் எவரும் தூங்கவில்லை என்று அர்த்தம்.

போலா கூப்பிட்டாள்.

"பெர்னி, எந்த ஸ்டேஷன்? இந்த ஊரில ரயிலை நிப்பாட்டி எத்தினையோ வருசம்."

நான் விளங்கப்படுத்தினேன். அவள் சிரித்துவிட்டு, "ஆள் வெளியூர் எண்டா வானைக் கொண்டுவந்து வச்சது யார்?" என்றாள். அதன்பிறகு அந்த மூலைக்கு வேறொரு வார்டனை அனுப்பினாள். மூன்று டிக்கட் விழுந்தது. கடிதங்கள் எல்லாம் வான் பதிந்திருந்த டெரெக்கின் தங்கச்சி வீட்டு விலாசத்துக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எடுத்துக்கொண்டு வருவார்.

"ஏன் வேற இடத்தில நிப்பாட்டக்கூடாது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற எங்க? சொல்லுங்க. நீங்கதானே இந்த ஊர்ப் பார்க்கிங்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் ஊரிலுள்ள எல்லா இடத்தையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, மேட்டுப் புல்வெளியையும் இரவில் பூட்டிவிடுவார்கள். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த வாரம் ஸ்டெல்லாவிடம் போனில் விசயத்தைச் சொன்னேன், ஜன்னல் கதையை மட்டும் விட்டுவிட்டு. "இங்கயும் அப்படித்தான் அக்கா," என்றாள். "எங்கட லேனில ஒரு த்ரீவீல்காரன் ஆட்டோவுக்குள்ளயே படுக்கிறான். பிளட் கமிட்டில எல்லாரும் சைன் வச்சுக் குடுத்திட்டம்."

"நீயும் வச்சியா?"

"எல்லாரும் வைக்கேக்க நான் மட்டும் வைக்காம இருக்க ஏலுமா?"

இவள்தான் ரவியின் வானில் பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் கிடந்தவள். நான் அதை நினைவுபடுத்தவில்லை. எந்த வாயால் நினைவுபடுத்துவது?

5

ஜூலை கடைசி, பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய வாரம். காலையில் டெரெக்கின் வான் ஸ்டார்ட் எடுக்கவில்லை. பேட்டரி. நாள் முழுவதற்கும் டிக்கட் வாங்கிக் கண்ணாடியில் வைத்துவிட்டு, "மத்தியானம் புது பேட்டரி கொண்டுவாறன், ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தே புல்வெளிக்குப் போனார்.

பதினொரு மணிக்கு வாகனம் தூக்கும் லொறி வந்தது. கட்டாத மூன்று டிக்கட்டுக்காக. போலா போனில், "நீ பக்கத்தில நிக்கிறாய், உள்ள ஆளோ நாயோ இல்லையெண்டு பாத்து சைன் வை," என்றாள்.

கண்ணாடிக்குக் கையைக் குவித்துப் பார்த்தேன். மடித்த போர்வை. கொக்கியில் மாட்டிய வெள்ளைச் சட்டை, நாளைக்குப் போடுவதற்கு. கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு கோப்பைகள். ஒன்று எனக்கு ஊற்றித் தரும் கோப்பை.

"இது பஸ் டிரைவரின்ட வான். ஆள் இப்ப வேலையில இருக்கிறார்," என்றேன் லொறிக்காரரிடம்.

"யாருடையது எண்டது என்ட வேலை இல்ல, அம்மணி. ஆள் இருக்கா இல்லையா?"

நான் கையெழுத்து வைக்கவில்லை. அவர் நீட்டிய படிவத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரதான வீதிக்கு ஏறி நடந்தேன். என் பின்னால் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. கையெழுத்தில்லாமலே தூக்கத் தொடங்கிவிட்டார்.

தகவல் நிலையத்துக்கு முன்னால் உள்ள தரிப்பில் டெரெக்கின் பஸ் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கபேக்காரர்கள் மேசைகளை வீதிக்கு இறக்கி வைத்திருப்பார்கள். பஸ் நின்றால் சைக்கிள்கூடப் போகமுடியாது. நான் முன்கதவில் தட்டினேன்.

"டெரெக், வானைத் தூக்கிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கைப்பிரேக்கை இழுத்தார், எஞ்சினை நிறுத்தினார், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். திரும்பி, "மன்னிக்கவேணும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க," என்று பயணிகளுக்குச் சொல்லிவிட்டு இறங்கி, துறைமுகப் பக்கம் நடந்தார்.

தூரம் போகத் தேவையிருக்கவில்லை. துறைமுகத்திலிருந்து வெளியே போக அந்த ஒருவழி வீதி ஒன்றுதான். லொறி ஏற்கெனவே ஏறி வந்து, பஸ்ஸுக்குப் பின்னால் ஆறாவது வாகனமாக நின்றது. முதுகில் நீல வான். அதற்குப் பின்னால் துறைமுகம்வரை கார்கள். இறங்கிவரும் மலைப்பாதையிலும் எல்லாம் நின்றுவிட்டது. வெள்ளைக்காரர்கள் ஹோர்ன் அடிப்பதில்லை என்பார்கள். அன்றைக்கு அடித்தார்கள். ஒரு நிமிடம் கொழும்பில் காலி வீதியில் நிற்கிறமாதிரி இருந்தது.

போலா ஓடிவந்தாள். பஸ்ஸை ஓட்ட அனுமதிப்பத்திரம் உள்ளவர் வேறெவரும் ஊரில் இல்லை. டெரெக் லொறியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அதை இறக்குங்க. நான் பஸ்ஸை எடுக்கிறன்," என்றார். குரலை உயர்த்தவில்லை.

போலா என்னிடம் திரும்பினாள். "அந்த பஸ்ஸுக்கு ஒரு டிக்கட் போடு. இப்ப."

"போட ஏலாது," என்றேன். "பஸ், பஸ் தரிப்பில நிக்குது. இந்த வீதியில சட்டப்படி நிக்கிற ஒரே வாகனம் அதுதான்."

பத்து வருடத்தில் நான் சொன்ன ஒரே நல்ல வசனம் அது. ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லாமல் வந்தது.

லொறிக்காரர் வீதியில் வைத்து வானை இறக்கமுடியாது, பின்னுக்குப் போகவேண்டும் என்றார். பின்னால் நின்ற கார்களை ஒவ்வொன்றாகத் துறைமுகத்துக்குள் பின்பக்கமாக இறக்கினால்தான் முடியும். அதை நான் செய்தேன். மஞ்சள் ஜாக்கெட்டோடு நடுவீதியில் நின்று, ஒவ்வொரு காராக, கையைக் காட்டிக் காட்டி இறக்கினேன். திட்டினார்கள். ஒரு பெரிய காரில் இருந்தவர் என் நாட்டுக்குப் போய் இந்த வேலையைப் பார்க்கச் சொன்னார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வான் தன்னுடைய மூலையில் இறங்கியது.

டெரெக் பஸ்ஸுக்குத் திரும்பினார். பொறுத்திருந்தவர்களிடம் இன்னொருமுறை மன்னிப்புக் கேட்டார். மாலை ஆறு மணிவரை தன் வேலையைச் செய்தார். அடுத்த நாள் அவருக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. புது பேட்டரியைப் பூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது மூலை வெறுமையாக இருந்தது.

6

அன்று ஜெரோம் தகவல் நிலைய வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். மாலையில் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது வந்து குசினிக் கதவில் சாய்ந்தான்.

"எனக்குத் தெரியாது மம்மி," என்றான். தமிழில் சொன்னான். "அது டெரெக் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா செஞ்சிருக்க மாட்டன்."

"டெரெக் இல்லாட்டி?"

"என்ன?"

"வேற ஆரும் எண்டா பரவாயில்லையா?"

இப்படி ஒரு பிள்ளையையா வளர்த்தேன் என்று கேட்க வாய் வந்தது. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மேலே முன்னறையில் அன்றைக்கு வந்த விருந்தினர்களின் சூட்கேஸ் சில்லு உருளும் சத்தம் கேட்டது. அவர்களுக்குப் படுக்கை விரித்தது நான். அந்த முறைப்பாட்டை ஆறு வாரம் மெஷினில் வைத்துக்கொண்டு திரிந்ததும் நான். அவனாவது தெரியாமல் செய்தான்.

கையெழுத்து வைக்காததற்கான விசாரணையில் எழுத்துமூல எச்சரிக்கையோடு விட்டார்கள். விருந்தினர்கள் போனதும் அறையை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். ஜெரோம் எடுத்தான். வாசல் பெட்டியையும் அவனே கழற்றினான்.

போன ஞாயிறு டெரெக்குக்குப் போன் எடுத்தேன். எங்கோ பஸ் தரிப்பில் நின்றார், வாகனச் சத்தம் கேட்டது. சுகம் விசாரித்தேன். பக்கத்து ஊர்களில் வேலை தேடுவதாகச் சொன்னார். எங்கள் முன்னறை சும்மா கிடக்கிறது, வந்து இருக்கலாம் என்றேன். அவர் நன்றி சொன்னார். வருகிறேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேறு வழியில்லாமல் போனது.

"டெரெக், அந்த முதல் முறைப்பாடு எங்கட வீட்டிலயிருந்துதான் போனது," என்றேன்.

"ஓம், தெரியும்."

"எப்படி?"

"கடிதத்தோட படத்தையும் அனுப்பியிருந்தாங்க. ஜன்னல் சட்டம் விழுந்திருந்தது. அந்தத் தரிப்பிடத்தைப் பாத்த பச்சை ஜன்னல் ஊரில ஒண்டுதான்."

"எப்ப வந்தது அந்தக் கடிதம்?"

"ஜூன் கடைசியில."

வான் தூக்குவதற்கு ஒரு மாதம் முன்பு.

"பிறகு ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி," என்றார். அந்தச் சரி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறவேண்டும் என்றார். பஸ் கதவு திறக்கும் சத்தமும், எங்கே போகவேண்டும் என்று டிரைவர் கேட்பதும் கேட்டது. டெரெக் தான் போகவேண்டிய ஊரின் பெயரைச் சொன்னார். பிறகு போன் நின்றுவிட்டது.